ஊகித்த சம்மதம்: இலங்கைக்கு ஆய்வு செய்வதென்றால் எதை எண்ணுவது?

பம்பலப்பிட்டி_வாசகி | திங்கள், மாலை 6.50

வணக்கம். பொதுக்கொள்கை ஆய்வொன்றுக்கு முன்மொழிவு தயாரிக்கிறோம். தலைப்பு, உறுப்புத் தானத்தில் ஊகித்த சம்மதம். அதாவது, உயிரோடிருந்தபோது "எனக்கு விருப்பமில்லை" என்று பதியாத ஒருவர் இறந்தால், அவர் இணங்கியதாகவே எடுத்துக்கொள்ளும் சட்டம். மௌனம் சம்மதம் என்ற பேச்சைச் சட்டமாக்குவது மாதிரி.

இங்கே இப்போதுள்ளது 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க மனித இழைய மாற்றுச் சட்டம். இறந்தவர் முன்பே சம்மதித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நெருங்கிய உறவினர் சம்மதிக்க வேண்டும். அதே 1987இல் சிங்கப்பூர் ஊகித்த சம்மதத்தைச் சட்டமாக்கியது. இரண்டு தீவுகள், ஒரே ஆண்டு, எதிரெதிர் வழி.

எங்கள் முதல் திட்டம் நாடுகளை இரண்டாகப் பிரித்துச் சம்மத வீதத்தை ஒப்பிடுவது. ஒஸ்திரியாவில் 99.98 வீதம், ஜேர்மனியில் 12 வீதம் என்ற 2003ஆம் ஆண்டு ஒப்பீடு எங்கே தேடினாலும் வருகிறது. அதை வைத்துத் தொடங்கலாமா? பிழை இருந்தால் இப்போதே சொல்லுங்கள்.

புள்ளிக்கணக்கு | திங்கள், இரவு 8.15

அதை வைத்துத் தொடங்க வேண்டாம். அந்த இரண்டு எண்ணும் சரி, ஆனால் அவை எண்ணுவது வெவ்வேறு ஆட்களை. 99.98 என்பது மறுப்புப் பதிவேட்டில் பெயர் இல்லாதவர்கள். 12 என்பது விருப்பம் தெரிவித்துப் பெயர் கொடுத்தவர்கள். ஒரு பக்கம் ஒன்றும் செய்யாதவர்களைக் கூட்டியிருக்கிறார்கள், மறுபக்கம் ஏதோ செய்தவர்களைக் கூட்டியிருக்கிறார்கள். இரண்டிலுமே கொடையாளர் ஒருவர்கூட எண்ணப்படவில்லை.

அந்த ஆய்வில் உங்களுக்கு உண்மையாகவே உதவுவது, பலர் கடந்துபோகும் ஒரு சிறிய பரிசோதனை. 161 பேரை மூன்றாகப் பிரித்துக் கேட்டார்கள். விரும்பினால் பதியுங்கள் என்ற பிரிவில் 42 வீதம் கொடையாளரானார்கள். வேண்டாமென்றால் விலகுங்கள் என்ற பிரிவில் 82. எந்த முன்தெரிவும் இல்லாமல் "ஆம் அல்லது இல்லை, ஒன்றைச் சொல்லுங்கள்" என்ற பிரிவில் 79. இந்த மூன்றாவது எண்ணை மறக்க வேண்டாம். நேராகக் கேட்டாலே ஏறக்குறைய அதே அளவு ஆட்கள் சம்மதிக்கிறார்கள். 42இல் தெரிவது பெரும்பாலும் பதியும் சிரமம்.

மெய்யான கொடையாளர் எண்ணிக்கைக்கு வந்தால் படம் மங்கலாகிறது. 2006இல் வந்த ஆய்வு 22 நாடுகளைப் பத்து ஆண்டுகள் பார்த்து, மற்றக் காரணிகளைக் கழித்தபின் ஊகித்த சம்மத நாடுகளில் 25 முதல் 30 வீதம் கூடுதல் என்றது. 2019இல் வந்தது பொருளாதார ஒத்துழைப்பு அபிவிருத்தி அமைப்பின் 35 நாடுகளைப் பார்த்தது: ஊகித்த சம்மத நாடுகளில் பத்து இலட்சம் பேருக்கு 20.3 இறந்த கொடையாளர், மற்றவற்றில் 15.4. புள்ளியியல் ரீதியாக அந்த வித்தியாசம் நிற்கவில்லை. அதோடு உயிருள்ள கொடையாளர்கள் ஊகித்த சம்மத நாடுகளில் 4.8, மற்றவற்றில் 15.7. இலங்கையில் சிறுநீரகங்கள் பெரும்பாலும் உயிருள்ளவர்களிடமிருந்தே வருகின்றன என்பதால் இந்த இரண்டாவது சோடி எண்களை முன்மொழிவில் கட்டாயம் போடுங்கள். காரணம் சட்டம்தான் என்று அதிலிருந்து நிறுவ முடியாது. ஆனாலும் கேள்வி கேட்கவேண்டிய இடம் அது.

நாட்டுக்கு நாடு வீதி விபத்து, பக்கவாத மரணம், ஐசியூ எனும் தீவிர சிகிச்சைப் பிரிவின் கட்டில், வருமானம் எல்லாம் மாறும். ஒரே நாட்டுக்குள் சட்டம் மாறிய இடத்தைப் பாருங்கள். வேல்ஸ் நல்ல களம். 2013இல் ஊகித்த சம்மதச் சட்டம், 2015 டிசம்பர் 1இல் நடைமுறை, இடையில் இரண்டு ஆண்டு விளம்பரம். பக்கத்து இங்கிலாந்து 2020 மே 20 வரை பழைய முறையில் இருந்தது, ஒப்பிட வசதி. வேல்ஸில் குடும்பச் சம்மதம் 2015/16இல் 58 வீதம், 2018/19இல் 77. ஆனால் காலாண்டு காலாண்டாகப் பார்த்தவர்களுக்கு, இங்கிலாந்தோடான வித்தியாசம் தெளிவாக நிற்க 33 மாதம் பிடித்தது. ஓர் ஆண்டுத் தரவை வைத்து "சட்டம் தோற்றது" என்று எழுதியவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள்.

இங்கிலாந்து அதே சட்டத்தைக் கொண்டுவந்தது கொவிட் நடுவே. ஐக்கிய இராச்சியம் முழுவதற்குமான சம்மத வீதம் 2019/20இல் 68, 2023/24இல் 61. சட்டம் ஒன்றுதான், போன திசை வேறு.

ஐசியூ_இரவுப்பணி | திங்கள், இரவு 10.40

தங்கச்சி, சட்டத்துக்கு முன்னால் ஒரு வாசல் இருக்கிறது. பெரும்பாலான மனிதர்கள் உறுப்புக் கொடுக்கக்கூடிய நிலையில் இறப்பதில்லை. பிரித்தானியாவிலேயே நூறு மரணங்களில் ஏறக்குறைய ஒன்றுதான் அதற்குப் பொருந்துகிறது. வீட்டில் இறந்தவரிடமிருந்து கண்மணியின் கருவிழிப் படலத்தை எடுக்கலாம், சிறுநீரகம் எடுக்க முடியாது. இருதயம் வேண்டுமென்றால் பொதுவாக ஆள் வென்டிலேட்டரில் (செயற்கைச் சுவாச இயந்திரத்தில்), மூளைச்சாவு அடைந்த நிலையில், அதாவது மூளையின் இயக்கம் மீளமுடியாமல் நின்ற நிலையில் இருக்க வேண்டும்.

மூளைச்சாவை உறுதிசெய்வது ஒரு கையெழுத்தில் முடியும் காரியமில்லை. முதலில் காரணம் தெரிந்திருக்க வேண்டும்: தலையடி, மூளை இரத்தக்கசிவு போல. உடல் வெப்பநிலை இயல்பாக இருக்க வேண்டும். மயக்க மருந்து முழுதாக இறங்கியிருக்க வேண்டும். இரத்த உப்புகள் சரியாக இருக்க வேண்டும். பிறகு கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா, கருவிழியைத் தொட்டால் இமை மூடுகிறதா, காதுக்குள் 50 மில்லிலீற்றர் பனிக்குளிர் நீர் விட்டால் கண் அசைகிறதா, தொண்டையைத் தீண்டினால் குமட்டலோ இருமலோ வருகிறதா. கடைசியாக மூச்சுப் பரிசோதனை: பத்து நிமிடம் நூறு வீத ஒட்சிசன் கொடுத்து, வென்டிலேட்டரைக் கழற்றி, எட்டு முதல் பத்து நிமிடம் நெஞ்சையும் வயிற்றையும் கண் எடுக்காமல் பார்ப்பது. இரத்தத்தில் காபனீரொட்சைட்டு அழுத்தம் 60 மில்லிமீற்றர் இரசத்தைத் தாண்டியும் மூச்சு எழாவிட்டால்தான் அது சாவு. மாற்றுச் சத்திரசிகிச்சைக் குழுவைச் சேர்ந்த எவரும் இதில் கைவைக்கக்கூடாது. இந்தியச் சட்டம் நான்கு மருத்துவர்கள், ஆறு மணித்தியால இடைவெளியில் இரண்டு தடவை என்று கேட்கிறது.

தவறும் இடங்கள் எல்லாம் சாதாரணமானவை. மிடாசோலம் என்ற மயக்க மருந்து இன்னும் உடலில் இருக்கிறது, ஆகவே நாளைக்குப் பார்ப்போம். மூளை ஹோர்மோன் நின்றதால் சிறுநீர் லீற்றர் லீற்றராகப் போய் சோடியம் ஏறிவிட்டது, ஆகவே பரிசோதனை செல்லாது. மூச்சுப் பரிசோதனை நடுவில் இரத்த அழுத்தம் விழுந்து நிறுத்த வேண்டியதாயிற்று. அதற்குள் இருதயம் நின்றுவிடும். அதோடு நேரக்கணக்கு: எடுத்த இருதயம் நான்கு முதல் ஆறு மணித்தியாலம், ஈரல் எட்டு முதல் பன்னிரண்டு, சிறுநீரகம் 24 முதல் 36.

விளங்குவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு. 100 பேர் மூளைச்சாவு அடையக்கூடிய நிலையில் என்று வையுங்கள். அதை ஐசியூ கவனித்துத் தெரிவிப்பது 60 வீதம், பரிசோதனை முழுதாக முடிவது 70, குடும்பத்திடம் கேட்பது 80, சம்மதம் 50, உறுப்பு உண்மையில் எடுக்கப்படுவது 85. பெருக்கினால் 14 பேர். சட்டத்தை மாற்றிச் சம்மதத்தை 60 ஆக்கினால் 17. சட்டத்தைத் தொடாமல் கவனிப்பதை மட்டும் 80 ஆக்கினால் 19. அதனால்தான் பாராளுமன்றத்துக்கு முன் வார்ட்டைப் பாருங்கள் என்கிறேன்.

புள்ளிக்கணக்கு | திங்கள், இரவு 11.20

டொக்டர், படிகள் எல்லாம் சரி, கடைசிக் கணக்கு கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது. சம்மதத்தை 50இலிருந்து 60க்கு ஏற்றினீர்கள், அது ஐந்தில் ஒன்று கூடுதல். கவனிப்பதை 60இலிருந்து 80க்கு ஏற்றினீர்கள், அது மூன்றில் ஒன்று கூடுதல். பெருக்கல் சங்கிலியில் எந்தப் படியை ஒரே விகிதத்தில் உயர்த்தினாலும் முடிவு ஒன்றுதான். உங்கள் எண்களையே எடுத்தால் மிகப் பலவீனமான படி சம்மதம், மேலே ஏற அதிக இடமும் அதற்கே உண்டு.

ஆகவே ஆய்வு கேட்கவேண்டியது: ஒவ்வொரு படியையும் பத்து வீதம் உயர்த்த எவ்வளவு பணம், எத்தனை ஆள், எத்தனை மாதம்? அதற்கு முதலில் இலங்கையின் ஐந்து எண்களும் வேண்டும்.

ஐசியூ_இரவுப்பணி | திங்கள், இரவு 11.31

ஏற்றுக்கொள்கிறேன். நான் ஒப்பிட்ட விதம் பிழை.

கோட்டை_சட்டப்புத்தகம் | செவ்வாய், காலை 7.05

"ஊகித்த சம்மதம்" என்று ஒரே பெயரில் வெவ்வேறு சட்டங்கள் உலாவுகின்றன. முன்மொழிவில் அவற்றைப் பிரிக்காவிட்டால் மேற்பார்வையாளர் முதல் பக்கத்திலேயே நிறுத்துவார்.

சிங்கப்பூர் இறுக்கமான வகை. 21 வயதான பிரஜைகளுக்கும் நிரந்தர வதிவாளர்களுக்கும் பொருந்தும். குடும்பம் மறுத்தாலும் சட்டப்படி தடுக்க முடியாது. தொடக்கத்தில் விபத்தில் இறந்தவர்களின் சிறுநீரகம் மட்டும்தான், முஸ்லிம்கள் விலக்கப்பட்டிருந்தார்கள். 2004இல் எல்லா மரணங்களுக்கும், ஈரல், இருதயம், கருவிழிக்கும் விரிந்தது. 2008 ஓகஸ்டில் முஸ்லிம்களும் சேர்க்கப்பட்டார்கள். விலகிப் பதிந்தவர் தனக்கு உறுப்புத் தேவைப்படும்போது வரிசையில் பின்னால் போவார்.

ஸ்பெயின் எழுத்தில் 1979இலிருந்து ஊகித்த சம்மதம். நடைமுறையில் குடும்பத்தைக் கேட்காமல் எடுப்பதில்லை. சட்டம் வந்து பத்து ஆண்டுகளுக்குப் பின் 1989இலும் பத்து இலட்சத்துக்கு 14 கொடையாளர்தான். அந்த ஆண்டு தேசிய மாற்று அமைப்பை உருவாக்கி, மருத்துவமனை தோறும் ஓர் இணைப்பாளரை, பெரும்பாலும் ஐசியூ வைத்தியரையே, பகுதி நேரமாக நியமித்தார்கள். பின்னாளில் 40ஐத் தாண்டியது. சட்டம் மாறவில்லை. அந்த அமைப்பை 2017 வரை நடத்திய ரஃபாயல் மத்தேசான்ஸே காரணம் சட்டமில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். ஸ்பெயினை ஊகித்த சம்மதத்தின் வெற்றியாகக் காட்டும் கட்டுரைகளைத் தள்ளிவையுங்கள்.

நெதர்லாந்து மூன்றாம் வகை. 2020 ஜூலை 1 முதல் 18 வயதாகியும் இன்னும் பதியாத எல்லோருக்கும் கடிதம். பதில் வராவிட்டால் இன்னொரு கடிதம். அதற்கும் பதில் இல்லையென்றால் "ஆட்சேபனை இல்லை" என்று பதிவு. அவர்களின் கீழ்ச்சபையில் அது 75க்கு 74 என்ற ஒரே வாக்கில்தான் நிறைவேறியது. ஜேர்மனி 2020 ஜனவரியில் 379க்கு 292 என்று நிராகரித்தது.

இலங்கைச் சட்டத்தைப் பற்றி அடிக்கடி வரும் பிழையான கூற்று, "மூளைச்சாவுக்குச் சட்டமில்லை" என்பது. 1987ஆம் ஆண்டுச் சட்டம் அதை மரணமாக ஏற்கிறது. தடங்கல் வேறு இடத்தில். தலையடிபட்டவர் பெரும்பாலும் விபத்தில் வந்தவர், ஆகவே 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவைப்படி மரண விசாரணை வேண்டும். திடீர் மரண விசாரணை அதிகாரி, சட்ட வைத்திய அதிகாரி, சில வேளை நீதவான், பொலிஸ் அறிக்கை. இரவு இரண்டு மணிக்கு இவர்களை ஒழுங்குபடுத்தும் ஏற்பாடு எந்தச் சம்மதச் சட்டத்தாலும் தானாக வராது. உங்கள் சங்கிலியில் இதை ஒரு தனிப் படியாகச் சேருங்கள்.

வெள்ளவத்தை_கடற்கரை | செவ்வாய், காலை 9.48

தமிழ்நாட்டையும் சேருங்கோ. அங்கே சட்டம் இன்றும் விருப்பச் சம்மதம்தான், 1994ஆம் ஆண்டு மத்திய சட்டம். 2008இல் அரசாணைகளை அடுத்தடுத்து இறக்கி மூளைச்சாவுச் சான்றளிப்பு, உறுப்புப் பங்கீட்டு வரிசை, இணைப்பாளர் எல்லாவற்றையும் ஒழுங்காக்கினார்கள். 2023 செப்டெம்பரில் உறுப்புக் கொடுத்தவரின் இறுதிச் சடங்கு அரச மரியாதையோடு நடக்கும் என்று அறிவித்தார்கள். நம் மொழியில், நம்மைப் போன்ற சடங்குகளோடு, ஊகம் இல்லாமல் வளர்ந்த முறை. ஸ்பெயினைவிடப் பக்கத்துப் பாடம்.

மருதானை_வாசி | செவ்வாய், பகல் 12.30

எல்லோரும் எண்ணைப் பேசுகிறீர்கள், நம்பிக்கையை யாரும் தொடவில்லை. 2020 மார்ச் கடைசியிலிருந்து 2021 பெப்ரவரி வரை இந்த நாட்டில் கொவிட்டில் இறந்த முஸ்லிம்களின் உடல்களைக் குடும்பத்தின் மறுப்பையும் மீறி எரித்தார்கள். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார அமைப்பு சொல்லியிருந்தது. விஞ்ஞானம் என்ற பெயரில் வர்த்தமானி வந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்க ஒப்புதல் கொடுத்தது. அந்த நாட்டில் "நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் உடலை எடுப்போம்" என்று ஒரு சட்டம் வந்தால் மருதானையிலும் காத்தான்குடியிலும் அது எப்படிக் கேட்கும்? வடக்கில் காணாமலாக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரியிலிருந்து வீதியோரம் இருக்கிறார்கள். அவர்களுக்கு எப்படிக் கேட்கும்?

மார்க்கம் தடையென்று சொல்லவில்லை. மூளைச்சாவை மரணமாக ஏற்கும் தீர்மானம் 1986இல் அம்மானில் வந்தது. உறுப்பு மாற்றுக்கு நிபந்தனைகளோடு அனுமதி 1988இல் ஜித்தாவின் சர்வதேச இஸ்லாமியச் சட்ட (ஃபிக்ஹ்) கழகம் கொடுத்தது. மார்க்கத்தில் கதவு திறந்திருக்கிறது. கதவுக்கு வெளியே நிற்பவர் யார் என்பதுதான் பயம்.

பிரேசிலைப் பாருங்கள். 1997இல் ஊகித்த சம்மதம் கொண்டுவந்தார்கள். மக்கள் அடையாள அட்டையில் "கொடையாளர் இல்லை" என்று பதிய வரிசையில் நின்றார்கள். 1998இலேயே திரும்பப் பெற்றார்கள். சிலியில் 2010இல் வந்தது, இலட்சக்கணக்கானோர் விலகினார்கள். 2013இல் விலகுவதற்கு நொத்தாரிசு ஆவணம் வேண்டும் என்று கடினமாக்கினார்கள். மறுப்பவரின் பாதையில் முள் போட்டுக் கூட்டிய சம்மதம் அது. அதைச் சம்மதம் என்று எழுதுவீர்களா?

மாளிகாவத்தை_கதிரை | செவ்வாய், மாலை 4.10

மருதானையார் சொன்ன வலி உண்மை. ஆனாலும் எதிர்ப்பக்கத்தை யாராவது சொல்லவேண்டும்.

இப்போதைய முறையும் ஓர் ஊகம்தான். ஒன்றும் சொல்லாமல் இறந்தவர் "மறுத்தார்" என்று ஊகிக்கிறோம். மேலே புள்ளிக்கணக்கு காட்டிய 79 சரியென்றால், அந்த ஊகம் ஐந்தில் நான்கு பேரில் பிழை. அந்தப் பிழைக்கும் ஒருவர் விலை கொடுக்கிறார். கிழமைக்கு மூன்று தடவை, தடவைக்கு நான்கு மணித்தியாலம் இரத்தச் சுத்திகரிப்பு (டயாலிசிஸ்) இயந்திரத்தில் கட்டுண்டு கிடப்பவர் கொடுக்கிறார். வடமத்தியில் காரணம் தெரியாத சிறுநீரக நோயோடு மதவாச்சியிலும் பதவியாவிலும் வாழும் கமக்காரர் கொடுக்கிறார்.

இறந்தவரிடமிருந்து வராத சிறுநீரகம் எங்கிருந்து வரும்? உயிருள்ள ஏழையிடமிருந்து. 2016 ஜனவரியில் இந்தியப் பொலிஸாரின் குற்றச்சாட்டுக்குப் பின் வெளிநாட்டவருக்கான சிறுநீரக மாற்றுகளைச் சுகாதார அமைச்சு இங்கே நிறுத்த வேண்டி வந்தது நினைவிருக்கட்டும். உயிருள்ளோர் தானம் குறையும் என்று மேலே எச்சரிக்கையாகச் சொல்லப்பட்டது. அதில் விற்பனையும் குறைந்தால் அது நட்டமா?

நம்பிக்கை வளரட்டும், பிறகு பார்ப்போம் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. காத்திருப்பவருக்கு அந்தப் "பிறகு" எப்போது?

கோட்டை_சட்டப்புத்தகம் | செவ்வாய், மாலை 5.55

இரண்டு ஊகமும் பிழைக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டு பிழையும் ஒரே நிறை இல்லை. கொடுக்க விரும்பியவரிடமிருந்து எடுக்காமல் விட்டால், குடும்பத்தைக் கேட்டு இன்னும் திருத்தலாம். மறுத்தவரிடமிருந்து எடுத்துவிட்டால் திருத்த வழியில்லை.

புள்ளிக்கணக்கு | செவ்வாய், இரவு 9.02

இங்கேதான் உங்கள் ஆய்வு கிடக்கிறது, வாசகி. சராசரிப் பிழையைவிட, அது யார் தலையில் விழுகிறது என்பதை அளந்து பாருங்கள்.

ஒருவரிடம் இரண்டு தனிக் கேள்வி. உங்களுக்கு விருப்பமா? விருப்பமில்லை என்றால், அதைப் பதிய உங்களால் முடியுமா: எங்கே போவது தெரியுமா, படிவம் உங்கள் மொழியில் வாசிப்பீர்களா, அடையாள அட்டை உண்டா, ஒரு நாள் கூலியை விட்டுப் போகமுடியுமா? இரண்டையும் பெருக்கினால் தவறாக ஊகிக்கப்படுவோரின் வீதம் வரும்.

மறுபடியும் கற்பனை எண். ஒரு குழுவில் 20 வீதம் மறுப்பு, அவர்களில் 10 வீதத்தினரால் பதிய முடியாது: நூற்றுக்கு 2 பேர். இன்னொரு குழுவில் 35 வீதம் மறுப்பு, அவர்களில் 60 வீதத்தினரால் பதிய முடியாது: நூற்றுக்கு 21 பேர். ஒரே சட்டம், பத்து மடங்கு வித்தியாசம். நாட்டுச் சராசரியை மட்டும் போட்டால் இது கண்ணில் படாது. இதே கணக்கை இப்போதைய முறைக்கும் திருப்பிப் போடுங்கள், விரும்பியும் பதியாதவர்கள் எத்தனை என்று. கதிரை கேட்டதற்கும் பதில் அதில் கிடைக்கும்.

மாதிரி அளவு: 95 வீத நம்பிக்கை மட்டம், பிழை எல்லை கூட்டிக் குறைத்து 5 வீதம் என்றால் 385 பேர். கிராம அலுவலர் பிரிவு வாரியாகக் கொத்தாக எடுப்பதால் 1.5ஆல் பெருக்குங்கள், 578. பதில் தராதவர் 15 வீதம் என்றால் 680. இது ஒரு குழுவுக்கு. மூன்று குழுக்களைத் தனித்தனியாகச் சொல்ல வேண்டுமென்றால் மூன்று மடங்கு. கொழும்பு, திம்பிரிகஸ்யாய இரண்டு பிரதேச செயலகப் பிரிவுகளோடு நின்றாலும் இதே அளவு வேண்டும், ஆட்தொகை குறைந்ததால் மாதிரி பெரிதாகக் குறையாது. அதோடு நின்றால் தலைப்பில் "இலங்கை" என்று எழுதாதீர்கள்.

மூன்று சட்ட வடிவங்களை ஆளுக்கு ஒன்றாகக் குலுக்கிக் காட்டும் பரிசோதனையும் செய்யலாம். ஆதரவு 50இலிருந்து 62க்கு மாறுவதைப் பிடிக்க ஒரு வடிவத்துக்கு 265 பேர். மூன்றையும் சோடி சோடியாக ஒப்பிட்டால் ஏறக்குறைய 350.

வெள்ளவத்தை_கடற்கரை | செவ்வாய், இரவு 9.40

மறுப்பைத் தேசிய அடையாள அட்டை எடுக்கும்போதே பதிந்தால் என்ன? எல்லோரும் எடுக்கிறார்கள் தானே.

கோட்டை_சட்டப்புத்தகம் | செவ்வாய், இரவு 10.12

முதல் அட்டை 15 வயதிலேயே எடுக்கலாம். அந்த வயதில் கேட்ட பதிலை ஒரு வளர்ந்தவரின் முடிவாகக் கொள்ள முடியாது. சாரதி அனுமதிப்பத்திரம் 18 வயது, ஆனால் அது இல்லாதவர்கள் ஏராளம், குறிப்பாகப் பெண்கள், தோட்டத் தொழிலாளர்கள். கிராம அலுவலரிடம் என்றால் மறுத்த செய்தி மாலைக்குள் தெருவுக்கே தெரியும்.

எந்த வழியானாலும் மறுப்பு இலவசமாக, சிங்களத்திலும் தமிழிலும், எப்போதும் மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். ஐசியூவிலிருந்து நள்ளிரவிலும் பார்க்கக்கூடிய ஒரே பதிவேட்டில் அது சேர வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்தப் பதிவேட்டுக்கும் பொருந்தும். விதிவிலக்குகளையும் எழுதுங்கள்: அடையாளம் தெரியாத உடல், தடுப்புக்காவலில் இறந்தவர், முடிவெடுக்கும் ஆற்றல் இல்லாதவர். வேல்ஸ் சட்டம் 18 வயதுக்குக் குறைந்தவரையும், அங்கே 12 மாதம் வசிக்காதவரையும், ஆற்றல் இழந்திருந்தவரையும் ஊகத்துக்கு வெளியே வைத்திருக்கிறது. இங்கே அடையாளம் தெரியாத உடல், தடுப்புக்காவல் மரணம் என்ற இரண்டு விதிவிலக்கும் சட்டத்தின் முதல் பந்தியில் வரவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஐசியூ_இரவுப்பணி | புதன், அதிகாலை 5.20

தரவுக்கு வழி. சங்கிலியின் எண்கள் வேண்டுமென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பியுங்கள். 14 வேலை நாளில் முடிவு சொல்ல வேண்டும், மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கும் பிறகு ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு. "எத்தனை கொடையாளர்?" என்று கேட்டால் ஒரே எண்ணோடு கடிதம் வரும். மாதவாரியாக எத்தனை மூளைச்சாவு உறுதியானது, எத்தனை குடும்பத்திடம் கேட்கப்பட்டது, எத்தனை மறுப்பு, மறுப்புக்கு என்ன காரணம் பதியப்பட்டது என்று ஒவ்வொன்றையும் தனி வரியாகக் கேளுங்கள். பதிவே வைக்கப்படவில்லை என்று பதில் வந்தால் அதுவும் முடிவு, அப்படியே அச்சிடுங்கள். வார்ட் ஏடுகளைப் பார்க்க நெறிமுறைக் குழு அனுமதி தனியாக வேண்டும், அதற்கு இப்போதே போடுங்கள்.

குடும்பத்தோடு பேசும் முறையையும் கவனியுங்கள். இறப்பைச் சொல்வதும் உறுப்புக் கேட்பதும் ஒரே மூச்சில் நடந்தால் கிடைப்பது மறுப்புத்தான். முதலில் சாவு விளங்க வேண்டும். வென்டிலேட்டரில் நெஞ்சு ஏறி இறங்கும்போது, உடம்பு சூடாக இருக்கும்போது, தாய்க்கு அது விளங்க நேரம் எடுக்கும். அதைச் சிங்களத்தில் சொல்லி இன்னொருவர் தமிழில் திருப்பினால் பாதி விழுந்துபோகும். எந்த மொழியில் கேட்கப்பட்டது என்பதை ஒரு நிரலாக வைத்துச் சம்மத வீதத்தைப் பிரித்துப் பாருங்கள்.

மருதானை_வாசி | புதன், காலை 8.35

கேள்விக்கொத்தின் தமிழைப் பற்றியும் ஒன்று. "ஊகித்த சம்மதம்" என்றால் தெருவில் யாருக்கும் விளங்காது. "வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காவிட்டால், சம்மதம் என்றே ஆஸ்பத்திரி எடுத்துக்கொள்ளும்" என்று போடுங்கள். "மூளைச்சாவு" என்றால் பலருக்குக் கோமா. கோமாவில் கிடப்பவர் எழும்பக்கூடும், மூளைச்சாவு அடைந்தவர் எழும்பமாட்டார் என்று கேள்விக்கு முன் இரண்டு வரி வேண்டும், இல்லையென்றால் நீங்கள் அளப்பது கோமாவைப் பற்றிய பயத்தை.

அதோடு "தானம்" என்ற சொல். அதில் புண்ணியம் ஒட்டியிருக்கிறது, சிங்களத்துத் "தானய" அதைவிட அதிகம். கண் தானத்துக்கு இந்த நாடு இலட்சக்கணக்கில் கையெழுத்துப் போட்டது அந்தச் சொல்லின் பலத்தாலும்தான். 1964இல் சிங்கப்பூருக்குப் போன முதல் கண்களிலிருந்து இன்றுவரை அப்படி. கண் தான இயக்கத்தைத் தொடங்கிய வைத்தியர் ஹட்சன் சில்வா கேட்டார், மக்கள் அறிந்து கொடுத்தார்கள். கேட்காமல் எடுப்பதற்கும் அதே சொல்லைப் போட்டுக் கேட்டால் பதில் "ஆம்" பக்கம் சாயும்.

பம்பலப்பிட்டி_வாசகி | புதன், இரவு 7.25

எல்லோருக்கும் நன்றி. நாடுகளின் ஒப்பீட்டை ஒரு பக்கப் பின்னணியாகச் சுருக்குகிறோம். முதன்மைக் கேள்வியை, தவறாக ஊகிக்கப்படுவோர் வீதம் மொழிக்குழு வாரியாக எவ்வளவு என்று மாற்றிவிட்டோம். மரண விசாரணையும் ஒரு படியாகச் சேர்ந்துவிட்டது. மாளிகாவத்தைக் கதிரையின் கேள்விக்காக, இப்போதைய முறையின் பிழை வீதத்தையும் அதே அட்டவணையில் பக்கத்து நிரலில் போடுகிறோம்.

கேள்விக்கொத்தில் விருப்பத்தைக் கேட்கும் ஆறாம் கேள்வியை இரண்டு வடிவமாக்குகிறோம். பாதிப் பேருக்கு "உறுப்புத் தானம்", பாதிப் பேருக்கு "உறுப்பை எடுத்து இன்னொருவருக்குப் பொருத்துதல்". முன்னோட்டம் 30 பேரோடு, கொட்டாஞ்சேனை, மருதானை, நாரஹேன்பிட்ட மூன்றிலும் பத்துப் பத்துப் பேர். மருதானையார், தமிழ் வடிவத்தை அனுப்பினால் வாசித்துப் பார்ப்பீர்களா?

மருதானை_வாசி | புதன், இரவு 7.51

அனுப்புங்கள். சிங்கள வடிவத்தை இன்னொருவர் தமிழுக்குத் திருப்பி எழுதியதையும் சேர்த்து அனுப்புங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எந்த வரி நழுவியது என்று தெரியும்.